கிழங்கு கறுத்தால் கடைக்காரரை ஏசாதீர்கள், இந்தப் புரதத்தைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. இன்றைக்குப் பாதிக் கோபம், பாதிச் சந்தோசம். முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கறுத்துப்போன உருளைக்கிழங்குப் பொரியல் வீடியோவுக்குக் கீழே ஒருவர் விடாமல் "கடைக்காரர் பழைய கிழங்கைத் தள்ளிவிட்டார்", "எண்ணெய் சரியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல வெலிமடைக் கிழங்கு, பதுளை வீதியால் செங்கலடிக்கு இறங்கி வந்தது. ஒரே பையில் வாங்கிப் பாதியைப் பிரிட்ஜிலும் பாதியைக் குசினி மூலையிலும் வைத்து, ஒரே தாச்சியில் ஒரே எண்ணெயில் பொரித்தேன். மூலையில் இருந்தது பொன்னிறம், பிரிட்ஜில் இருந்தது கரி. இதில் கடைக்காரர் என்ன செய்தார், பாவம்?

விசயம் கிழங்குக்குள்ளே இருக்கிறது. ஏறத்தாழ 8 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் கிழங்கு தன் மாப்பொருளை உடைத்துச் சுக்குரோசு என்ற சீனி ஆக்குகிறது, அதை இன்வேட்டேசு என்ற நொதியம் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிரித்துவிடுகிறது. சூடான எண்ணெயில், புரதங்களைக் கட்டும் துண்டுகளான அமினோவமிலங்களோடு சேர்ந்து கறுப்பும் கசப்பும் தருவது அந்த இரண்டும்தான், சுக்குரோசு அப்படியே இருந்திருந்தால் இவ்வளவு கறுக்காது. இதே வழியில்தான் அக்ரிலமைட்டு என்ற நச்சுப் பொருளும் உண்டாகிறது, 2002 இல் சுவீடன்காரர்கள் பொரித்த உணவில் கண்டுபிடித்துச் சொன்னார்களே, அதுதான்.

இப்போது சந்தோசம். அந்த நொதியத்தை அடக்கிவைக்க ஒரு புரதத்தைச் செடியே செய்து வைத்திருக்கிறது, நிரோதி என்று உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். உருளைக்கிழங்கில் அப்படி ஒன்று இருப்பது 1961 இலேயே தெரியும். புகையிலையில் உள்ள அதன் சொந்தக்காரப் புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்பது 2004 இல் வெளிவந்தது. நான்கு சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு கட்டு, முன்னால் கொண்டை ஊசி மாதிரி வளைந்த ஒரு நீட்டம், பிரிந்து போகாமல் பிடிக்க இரண்டு இருசல்பைட்டுப் பாலங்கள், அதாவது கந்தகப் பிணைப்புகள். நல்ல சூட்டையும் தாங்கும். புரத வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையத்தளமான புரதத் தரவு வங்கியில் யாரும் காசில்லாமல் போனிலேயே திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

எனக்குப் போனில் பார்த்தது போதவில்லை, கையால் செய்ய வேண்டும் என்று செப்புக் கம்பி தேடிப் போனேன். மீற்றருக்கு அவர்கள் கேட்ட விலை இருக்கிறதே! நான் பாலத்துக்கா வாங்குகிறேன், ஒரு சாண் புரதத்துக்குத்தானே என்று கேட்டும் குறைக்கவில்லை. பிறகு வேறு கடையில் கட்டுக்கம்பி எடுத்தேன், அது கையெல்லாம் துருப் பிடித்தது, வளைத்தால் திரும்ப நிமிர்ந்தது, எனக்குக் கட்டுக்கம்பியே பிடிக்காது. கடைசியில் சந்தையில் மாலை கோர்க்கிறவர் மெல்லிய அலுமினியக் கம்பியும் மணியும் சேர்த்து அள்ளிக் கொடுத்தார், இன்றைக்கு முழு மட்டக்களப்பிலும் எனக்குப் பிடித்த மனிதர் அவர்தான்.

சரி, நான் செய்த ஒரு சுருளைக் கிட்டப் பாருங்கள், ஒரு மணி ஓர் அமினோவமிலம். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோவமிலம், 10 சுற்றுக்கு 36 மணி. ஒன்றுக்கு நீல மணி போட்டு, அதிலிருந்து மூன்றாவதுக்கும், பிறகு அதிலிருந்து நான்காவதுக்கும் என்று மாறி மாறி நீலம் போட்டுக்கொண்டே போனால் நீலமெல்லாம் சுருளின் ஒரே பக்கத்தில் வந்து நிற்கிறது! நீலம் என்பது தண்ணீருக்குப் பயந்த அமினோவமிலங்கள். அவை உள்ளே திரும்பி ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதால்தான் நான்கு சுருள்களும் கட்டாக நிற்கின்றன. பாடப் படத்தில் இது வரவே வராது, கையில் வந்தபோது நான் கத்திவிட்டேன்.

அப்புறம் 2010 இல் நொதியமும் நிரோதியும் ஒட்டிக்கொண்டிருக்கும் வடிவமே வந்தது, அணுக்களை அளக்கும் அலகில் சொன்னால் 2.6 அங்ஸ்ட்ரோம் நுணுக்கத்தில். நிரோதியின் இரண்டு சுருள்களுக்கு நடுவே உள்ள வளைவில் புரோலின், லைசின், பினைல்அலனின் என்று மூன்றே மூன்று அமினோவமிலங்கள். அந்தச் சின்னத் துண்டுதான் நொதியம் வேலை செய்யும் இடமான உயிர்ப்பு மையத்துக்கு நேரே போய் நிற்கிறது. சுக்குரோசு நுழைய வேண்டிய இடமும் அதுதான். கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு லொறி ஏறிவிட்டால் எதிரே வருகிறவர் கரையில் காத்து நின்றாரே, அந்தக் கணக்கு. சுக்குரோசு நிறைய இருந்தால் அது முந்திக்கொள்ளும், நிரோதி முந்தினால் பிரிப்பு நடக்காது. புளிப்பைக் காட்டும் பிஎச் 4.5 அளவில் நொதியமும் நிரோதியும் மிக இறுக்கமாகப் பிடிக்கின்றன, புளிப்பு மாறினால் பிடி விடுகிறது. மூடிவைக்கவும் திறந்துவிடவும் செடிக்கு இது ஒரு வழி.

ஐயோ, ஒன்றைச் சொல்லாமல் போகிறேன். அந்த 2010 வடிவத்தில் நிரோதி புகையிலையினுடையது, நொதியம் அரபிடொப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சின்னச் செடியின் செல் சுவரினுடையது, கிழங்கு அதில் இல்லை. கிழங்கில் குளிருக்கு இனிப்பாக்கும் இன்வேட்டேசு, செல்லுக்குள் உள்ள சாற்றுப் பையான புன்வெற்றிடத்துக்குள் இருப்பது. ஆனால் 1999 இல் ஜெர்மனியில் அந்தப் புகையிலை வகை நிரோதி ஒன்றையே உருளைக்கிழங்கில் செய்ய வைத்துப் பார்த்தார்கள், குளிரில் வைத்தும் குளுக்கோசும் பிரற்றோசும் வெகுவாகக் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை. அதனால்தான் "எண்ணெய் சரியில்லை" என்று நீங்கள் எழுதும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

கிழங்கை வெளியில் வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு முளைக்கிறதே என்று கேட்பீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள், காற்றுப் போகும் இருட்டு மூலையில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும். பிரிட்ஜில் வைத்ததை வீசவேண்டாம், சில நாள் வெளியே விட்டால் சீனி ஓரளவு இறங்கும், பொரிக்காமல் அவித்துக் கறி வைத்தாலும் கறுக்காது. அடுத்த வீடியோவில் நொதியத்தையே செய்யப் போகிறேன், அதற்கு ஐந்து இதழ் உள்ள விசிறி ஒன்று வேண்டும், மெல்லிய தகரம் மலிவாக எங்கே கிடைக்கும் என்று ஆரையம்பதிப் பக்கம் இருப்பவர்கள் எழுதுங்கள்.