பொருள் தெரிந்தும் இடியம் தவறுவது ஏன்?

சரி, அடுத்த கேள்வி. இடியம், அதாவது மரபுத்தொடர் பற்றி ஆங்கிலம் படிக்கும் மாணவி ஒருவர் அனுப்பியிருக்கிறார். "தினமும் பத்து இடியம் மனப்பாடம் செய்கிறேன். என் ஆசிரியரின் தாத்தா இறந்த செய்தி தெரிந்ததும், அவர் 'கிக்ட் த பக்கெட்' என்று கேள்விப்பட்டேன், வருந்துகிறேன் என ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அதிலிருந்து அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பொருள் சரிதானே, எங்கே தவறினேன்?"

பொருள் சரிதான்மா, 'கிக் த பக்கெட்' என்றால் செத்துப்போவதுதான். ஆனால் இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் "உங்க தாத்தா மண்டையைப் போட்டுட்டாராமே" என்று யாராவது கேட்பார்களா? அகராதியில் பார்த்தால் மண்டையைப் போடுவதும் காலமாவதும் ஒரே பொருள்தான். யார் யாரிடம் எப்போது சொல்லலாம் என்பது நமக்குத் தமிழில் தானாகவே தெரிகிறது. ஆங்கிலத்தில் அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 'கிக் த பக்கெட்' 1785இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சை வழக்கு அகராதியிலேயே இருக்கிறது. இத்தனை காலம் ஆகியும் அது துக்க வீட்டுக்கான சொல்லாகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தை வெளியே விடுவது. நம் "குட்டை உடைத்தான்" மாதிரி. "குட்டு உடைந்தது" என்று அதைத் திருப்பிப் போடலாம் இல்லையா? ஆங்கிலத்திலும் 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று சொல்லலாம், பொருள் கெடாது. ஆனால் 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ நிஜமாகவே வாளியை எட்டி உதைத்தார்கள் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். "மண்டை போடப்பட்டது" என்று நாம் சொல்வதில்லையே, அதே கதைதான். ஒவ்வொரு தொடரும் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது பட்டியலைப் பார்த்துத் தெரியாது. முழு வாக்கியமாகக் கேட்டால்தான் பிடிபடும்.

ஸ்லாங், அதாவது கொச்சைப் பேச்சு விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். 'ஐ அம் பிஸ்ட்' என்று ஒரு அமெரிக்கர் சொன்னால் கோபமாக இருக்கிறார். பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் குடித்திருக்கிறார்! இரண்டு இடத்திலும் அது நாகரிகமான சொல்லும் இல்லை. அப்புறம், ஸ்லாங்குக்கு வயதும் உண்டு. 'பிரமாதம்' என்ற பொருளில் 1960களில் கொடிகட்டிப் பறந்த 'குரூவி'யை இன்று சொன்னால் பழைய வாடை அடிக்கும். 'கரிஸ்மா'விலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'ரிஸ்', அதாவது ஆளைக் கவரும் திறமை, 2023இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல்லானது. அது எத்தனை நாள் ஓடும் என்று யார் கண்டது?

அதனால் தினம் பத்து வேண்டாம். நீங்கள் காதால் கேட்டது ஒன்றே ஒன்று போதும். முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். பக்கத்திலேயே யார் சொன்னார், யாரிடம், சிரித்துக்கொண்டா, கோபத்திலா என்று ஒரு வரி. வேறு வேறு ஆட்கள் வாயிலிருந்து மூன்று தடவையாவது கேட்ட பிறகு நீங்களும் சொல்லிப் பாருங்கள். அதுவரை புரிந்துகொண்டால் போதும், அதுவே பெரிய லாபம்.

உங்கள் ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அந்தத் தொடரின் தொனி தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லுங்கள். 'ஐ அம் சாரி ஃபார் யுவர் லாஸ்' என்பதில் இடியம் எதுவும் கிடையாது. அவரிடம் அதைச் சொன்னால் போதும்.