சீனிக் குளிசையும் கர்ப்பப்பையும்

(கோண்டாவில் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில், மாதர் சங்கத்தினர் கேட்டதற்கிணங்க ஓய்வுபெற்ற பெண்நோயியல் வைத்தியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வணக்கம். பின்வாங்கில் மூன்று ஐயாமாரும் இருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்த பிறகும் எழும்பிப் போகாமல் இருக்கிறீர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

முதலில் இரண்டு கொப்பிகளின் கதை. சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். வயது நாற்பத்தேழு. சீலைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துத் தந்தார். முருகன் படம் போட்ட கலண்டர் தாளால் உறை போட்டிருந்தது. பெண்நோய் கிளினிக் கொப்பி. இரண்டு மாதமாக இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. "வேறு வருத்தம் ஏதும் இருக்கோ அம்மா?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை டொக்டர்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீனி இருக்கு. அது வேற கொப்பி" என்று பைக்குள் மறுபடியும் கையை விட்டார். இரண்டாவது கொப்பியில் பதினொரு வருடச் சீனி அளவுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. மாதவிடாய் பற்றி ஒரு வரி இல்லை. அதைவிட, இரண்டு கொப்பிக்குமே தெரியாத ஒரு சங்கதி இருந்தது. ஐந்து மாதமாக அவர் சீனிக்குக் குடிக்கிற மெற்போமின் குளிசையை நிறுத்திவிட்டார். "அது கர்ப்பப்பையைக் காயப் பண்ணிப்போடும் எண்டு சனம் சொல்லுது" என்றார்.

இன்றைக்கு நான் கதைக்கப் போவது அந்தப் பையைப் பற்றித்தான். இரண்டு கொப்பியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்த பை.

மெற்போமின் கர்ப்பப்பையைக் காயப் பண்ணாது. சுருக்காது. மலடாக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பேச்சு முடியுமுன் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்காக. ஆனால் அந்தச் சனத்தின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது: சீனிக் குளிசைக்கும் கர்ப்பப்பைக்கும் தொடர்பு உண்டு. அது நல்ல பக்கமாகவே கூடுதலாக இருக்கிறது.

ஓமோன் என்றவுடன் எல்லோருக்கும் ஈஸ்திரஜனும் புரொஜெஸ்தரோனும்தான் ஞாபகம் வரும். இன்சுலினும் ஓர் ஓமோன்தான். எங்கள் சனத்தில் ஒரு பங்கு போய்க் குடியிருக்கிற ரொறொன்ரோவில்தான் 1921இல் அதைக் கண்டுபிடித்தார்கள். வயிற்றுக்குள் இருக்கிற சதையி என்ற சுரப்பியில் சுரந்து, குருதியில் ஓடி, தசைக்கும் ஈரலுக்கும் கொழுப்புக்கும் "சீனியை உள்ளே எடு" என்று சொல்வது அதன் வேலை. நாங்கள் மறந்துபோவது என்னவென்றால், அந்தக் குரல் சூலகத்துக்கும் கர்ப்பப்பைக்கும் கேட்கிறது.

வீட்டில் நடப்பதை வைத்துச் சொல்கிறேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அப்பப்பா இருக்கிறார். காது மந்தம். தேத்தண்ணி ஆறுகிறது என்று மெல்லச் சொன்னால் விளங்காது, கத்த வேண்டும். கத்தினால் அப்பப்பா திரும்பிப் பார்ப்பார், சரி. ஆனால் உள்ளே ஏணையில் கிடக்கிற குழந்தைக்குக் காது நல்ல கூர்மை. அது விழித்து வீரிட்டு அழும். நாங்கள் சீனி என்று சொல்கிற இரண்டாம் வகைச் சலரோகத்தில் தசையும் ஈரலும் அப்பப்பா மாதிரி. சதையி கத்துகிறது, இன்சுலின் கூடுகிறது. சூலகம் ஏணைக் குழந்தை. அதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. கூடின இன்சுலினைக் கேட்டு அது ஆண் ஓமோனைக் கூடுதலாகச் செய்யத் தொடங்கும். போதாததற்கு, ஆண் ஓமோனைப் பிடித்துக் கட்டி வைக்கிற ஒரு புரதத்தை ஈரல் குறைத்துவிடும். நாடியில் மயிர், முகத்தில் பரு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற மாதவிடாய் எல்லாம் இந்த அழுகைதான்.

இதைத்தான் ஸ்கான் எடுத்த பிறகு "ஓவரியில் கட்டி" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கட்டி என்ற சொல்லைக் கேட்டு அழுத தாய்மாரை நான் எண்ணிச் சொல்ல ஏலாது. 1935இல் சிக்காகோவில் ஸ்ரைன், லெவெந்தால் என்ற இரண்டு வைத்தியர்கள் ஏழு பெண்களைப் பார்த்து இதை எழுதியபோது, சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்றுதான் எழுதினார்கள். பி.சி.ஓ.எஸ். என்ற நீர்க்கட்டிப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவை முற்றாமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். இன்னொன்று. சாமத்தியப்பட்டு இரண்டு வருடமான பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கான் எடுத்து, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வருத்தத்துக்குப் பெயர் சூட்டாதீர்கள். முதல் மாதவிடாய் வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கானை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது இப்போதைய சர்வதேச வழிகாட்டல். அந்த வயதில் நல்ல சூலகமும் அப்படித்தான் தெரியும்.

சரி, கர்ப்பப்பைக்கு வருவோம். அதன் உட்படலத்தை விளக்க எனக்குக் கிடுகு வேலியை விட நல்ல உவமை இதுவரை அகப்படவில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் மதில். ஆனாலும் இங்கே இருக்கிறவர்களில் பாதிப்பேர் வேலி அடைத்த காலத்தைக் கண்டவர்கள். பழைய கிடுகை அவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தானே புதுக் கிடுகு வைத்துக் கட்டுவோம்? உட்படலமும் அப்படித்தான். ஈஸ்திரஜன் கிடுகை அடுக்கிக்கொண்டே போகும். மாத நடுவில் முட்டை வெடித்த பிறகு புரொஜெஸ்தரோன் வந்து "அடுக்கினது காணும்" என்று நிறுத்தி, வரிந்து கட்டும். கரு தங்காவிட்டால் புரொஜெஸ்தரோன் இறங்கும், பழைய வேலி அவிழும். அதுதான் மாதவிடாய்.

முட்டை வெடிக்காத மாதத்தில் புரொஜெஸ்தரோன் வராது. ஈஸ்திரஜன் மட்டும் நின்று அடுக்கும். உடம்பில் கொழுப்புக் கூடினவர்களுக்கு இன்னொரு கையும் சேரும்: கொழுப்புத் திசு ஆண் ஓமோனை ஈஸ்திரஜனாக மாற்றும். அதற்கு மேல், உட்படலத்தின் கலங்களில் இன்சுலினுக்கும் வாங்கிகள், அதாவது அதன் பேச்சைக் கேட்கிற காதுகள், இருக்கின்றன. கூடின இன்சுலின் அங்கேயும் "வளர், வளர்" என்றுதான் சொல்லும். பழையதை அவிழ்க்காமல் புதியதை மேலே மேலே வைத்தால் வேலி என்னவாகும்? அங்கங்கே உக்கி விழும். அதுதான் நாள் கணக்கில்லாமல் படுகிற இரத்தம். இன்னும் விட்டால் கறையான் ஏறும். சலரோகம் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்படலப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பயமுறுத்தச் சொல்லவில்லை. வருடத்துக்கு நாலு தடவைகூட மாதவிடாய் வராத பிள்ளைக்கு "வராட்டி நல்லதுதானே, கரைச்சல் இல்லை" என்று சொல்கிற வீடுகளுக்காகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வேலியை அவிழ்க்க வேண்டும். அதற்குப் புரொஜெஸ்தரோன் குளிசை இருக்கிறது, குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஓமோன் சாதனமும் இருக்கிறது. "கலியாணம் கட்டாத பிள்ளைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையோ?" என்று கேட்காதீர்கள். பெயரில் என்ன இருக்கிறது, மருந்து மருந்துதான்.

இதில் மெற்போமின் எங்கே வருகிறது? அதன் பிறப்புச் சுவாரசியமானது. ஐரோப்பாவில் ஊதாப் பூப் பூக்கிற கலீகா என்ற செடி. மேய்ந்த ஆடுகளுக்கு நஞ்சு. அதிலுள்ள பொருளின் உறவுக்காரனாக 1922இல் டப்ளினில் மெற்போமினைச் செய்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. 1957இல் பாரிஸில் ஜோன் ஸ்ரேர்ன் என்ற வைத்தியர்தான் சலரோகக்காரருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். மெற்போமின் முக்கியமாக ஈரல் சீனியைச் செய்து கொட்டுவதைக் குறைக்கிறது. இன்சுலினின் பேச்சு மெல்லச் சொன்னாலும் கேட்கத் தொடங்கும். கத்தல் குறைய, ஏணைக் குழந்தையும் நித்திரையாகும். ஆண் ஓமோன் இறங்கும். சிலருக்கு முட்டை மறுபடியும் வெடிக்கும், மாதவிடாய் ஒழுங்குக்கு வரும். உட்படலக் கலங்களிலும் அது நேரடியாகக் கை வைக்கிறது என்பதற்கு ஆய்வுகூடச் சான்று இருக்கிறது: கலத்தின் சக்திக் கணக்கைப் பார்க்கிற ஒரு நொதியைத் தூண்டி, கலம் பெருகுவதை அது மெதுவாக்குகிறது. ஆனால் மெற்போமினைக் கொண்டு கர்ப்பப்பைப் புற்றுநோயை மாற்றலாம் என்று யாராவது கைத்தொலைபேசியில் அனுப்பினால் அழித்துவிடுங்கள். அதற்கு முதலாவது வைத்தியம் இன்றைக்கும் சத்திரசிகிச்சைதான்.

பிள்ளைப்பேற்றுக்கும் அதை மந்திரமாக நினைக்க வேண்டாம். 2007இல் அமெரிக்காவில் இந்தச் சூலக வருத்தம் உள்ள 626 பெண்களை வைத்துச் செய்த பரிசோதனையில், மெற்போமின் மட்டும் எடுத்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு 7 பேர். முட்டையைத் தூண்டுகிற குளோமிபீன் எடுத்தவர்களில் 22 பேருக்கு மேல். பிறகு 2014இல் முட்டையைத் தூண்டுகிற லெற்ரசோல் என்ற இன்னொரு குளிசை அதையும் முந்தியது. ஆனால் நேர்மாறாகவும் நடக்கும். "எனக்கு எப்படியும் தங்காது" என்று நினைத்துக்கொண்டு சீனிக்காக மெற்போமின் குடித்த பெண்கள் வயிற்றோடு வந்து நின்றிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் தடுப்பு வேண்டும்.

குளிசை வயிற்றைக் குழப்பும், சாப்பாட்டோடு எடுங்கள். வருடக் கணக்கில் எடுப்பவர்கள் பி12 விற்றமினைச் சோதியுங்கள். சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

இப்போது புதுக் குளிசைகள். எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் என்று வாய்க்குள் நுழையாத பெயர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. அவை சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும். சீனி போகிற வழியில் பூஞ்சணம் சும்மா இருக்குமா? கீழே கடி, எரிவு, தயிர் மாதிரி வெள்ளை படுதல். இதைச் சலரோக கிளினிக்கில் ஆண் வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டு, குளிசையை இரகசியமாக நிறுத்திவிட்டு, "எடுக்கிறன்" என்று பொய் சொல்கிறவர்கள் பலர். பூஞ்சணத்துக்கு மருந்து இருக்கிறது. பொய்க்குத்தான் இல்லை. வாயால் சொல்ல ஏலாவிட்டால் ஒரு துண்டில் எழுதித் தாதியிடம் கொடுங்கள்.

வெளிநாட்டுப் பார்சலில் வருகிற ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழமைக்கு ஒன்று போடுகிற ஊசி, நிறை குறையும் என்று லண்டனிலிருந்து மச்சாள் அனுப்புகிறார். நிறை குறைய, நின்றுபோன முட்டை வெடிக்கத் தொடங்கும். அதில் ரிர்செபரைட் என்ற ஊசி குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை உடம்பில் சேர்வதையும் குறைக்கும். தொடங்கி நாலு கிழமைக்கும், அளவு கூட்டுகிற ஒவ்வொரு முறையும் நாலு கிழமைக்கும் ஆணுறை மாதிரி வேறு தடுப்பு வேண்டும். செமாகுளூரைட் என்றால், பிள்ளைக்கு ஆயத்தமாவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மச்சாளின் பார்சலில் இதெல்லாம் எழுதின தாள் வராது.

கர்ப்ப காலச் சலரோகத்தைப் பற்றிச் சுருக்கமாக: அது தாய் அதிகம் மாம்பழம் தின்றதால் வருவதல்ல. சூல்வித்தகத்தின், அதாவது நஞ்சுக்கொடியின், ஓமோன்கள் இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்காமல் செய்கின்றன. அது வெளியே வந்ததும் பெரும்பாலும் சீனி இறங்கும். ஆனால் ஆறு கிழமையில் மறுபடி சோதிக்காமல் விடுகிறவர்கள்தான் பத்து வருடத்தில் கால்விரல் புண்ணோடு வருகிறார்கள்.

இனி மூத்தவர்களுக்கு. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் "சூடு" என்று சொல்லி நல்லெண்ணெய் வைத்துக் குளிக்காதீர்கள். அப்படி இரத்தம் படுகிறவர்களில் பத்தில் ஒருவருக்குக் கிட்டப் புற்றுநோய் இருக்கும். மற்ற ஒன்பது பேருக்கும் இல்லை. யார் அந்த ஒருவர் என்று குளியலறையில் வைத்துக் கண்டுபிடிக்க ஏலாது. உள்ளால் ஸ்கான் எடுத்து, உட்படலம் 4 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

கொப்பி அம்மாவுக்கும் அப்படித் துண்டு எடுத்தோம். தடிப்பு இருந்தது, கலங்கள் விகாரமாகவில்லை. கர்ப்பப்பைக்குள் ஓமோன் சாதனம் வைத்தோம், மெற்போமினை மறுபடி தொடங்கினோம். ஆறு மாதத்தில் எடுத்த துண்டு சுத்தம். அடுத்த முறை வந்தபோது இரண்டு கொப்பியையும் ஒரே முருகன் உறைக்குள் போட்டு, நூலால் கட்டிக் கொண்டுவந்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொப்பியில் எழுதுவது எல்லாம் இங்கிலீசு, எங்களுக்கு என்ன விளங்கும் என்பீர்கள். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எங்கள் பிள்ளைகளுக்கு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். ஆகவே தமிழில் சொல்லுங்கள் டொக்டர் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் கோபிக்கிறவரிடம் இரண்டாம் தடவையும் கேளுங்கள்.

(கூட்ட முடிவில் ஒரு அம்மா எழும்பி, "சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் குடுக்கிறம். எனக்குச் சலரோகம், பேத்திக்குக் கிண்டுகிற களியில நானும் தின்னலாமோ?" என்று கேட்டார்.)

உளுந்தில் பிழையில்லை அம்மா. பச்சை முட்டையை அவித்துக் கொடுங்கள், கிருமி இருக்கும். களியில் உளுந்து எவ்வளவு, பனங்கட்டி எவ்வளவு?

("ஒரு சுண்டு உளுத்தம்மாவுக்கு ஒரு சுண்டு பனங்கட்டி.")

அப்படியென்றால் அது பனங்கட்டிக் களி. பனங்கட்டியும் சீனிதான், பனையில் இருந்து வந்ததால் உங்கள் சதையி தள்ளுபடி தராது. ஒரு தேக்கரண்டி தின்னுங்கள், இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். மற்றதைப் பேத்திக்கு விடுங்கள்.