மாவுச்சத்தைக் குறைத்தால் மருந்தையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோய்க்காக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "டாக்டர், இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறேன், அப்புறம் ஏன் திடீர் திடீரென்று சுகர் இறங்கிவிடுகிறது?" பெரும்பாலும் அதற்கான பதிலை மருந்துச் சீட்டில்தான் தேட வேண்டும்.

நீங்கள் முன்பு சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்ததுதான் உங்கள் இன்சுலின் அளவு. மாவுச்சத்தைப் பாதியாக்கிவிட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால், சுகர் இறங்காமல் என்ன செய்யும்? கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம்.

ஆகவே, உணவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளாதீர்கள். முதல் சில நாட்களிலேயே இறங்கக்கூடும். அதற்காக நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் கிட்டத்தட்டச் சுரக்காத வகை உள்ளவர்கள் இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை மாத்திரை எடுப்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். மாவுச்சத்து மிகவும் குறைந்தால், சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடலாம்.

சரி, இறங்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி, எரிச்சல். ஆனால் பல காலம் 300 வரை இருந்து பழகிய உடம்புக்கு 100 வந்தாலே இதெல்லாம் தோன்றும். அதனால் முடிந்தவரை விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் உடனே கவனிக்க வேண்டும். 54க்குக் கீழே என்றால் நிலைமை தீவிரம். கருவி கையில் இல்லாவிட்டால் இறங்கியதாகவே வைத்துக்கொண்டு செயல்படுங்கள்.

இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். கருவி 62 காட்டுகிறது, கை நடுங்குகிறது, எதிரே சர்க்கரை இருக்கிறது. "இத்தனை நாள் இருந்த கட்டுப்பாடு வீணாகிவிடுமே" என்று அதைத் தொடாமல் கொட்டைகளை எடுத்துக் கொறிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கொழுப்பும் புரதமும் அந்த அவசரத்துக்கு உதவாது. சாக்லேட்கூட மெதுவாகத்தான் ஏற்றும். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. அந்தப் பதினைந்து நிமிடம் மிக நீளமாகத் தெரியும். படபடப்பு அடங்கும்வரை தின்றுகொண்டே இருந்தால் பிறகு 250ல் போய் நிற்கும். மாவுச்சத்தும் சர்க்கரையும் குடலில் செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும்.

மாலையில் கடுமையாக உடற்பயிற்சி செய்தால் நள்ளிரவில் இறங்கலாம். மது குடித்தாலும் அப்படியே, ஏனென்றால் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை அது தடுக்கிறது. இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வையைக் கவனியுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குளுக்ககான் ஊசி இருந்தால் போடுங்கள், கல்லீரலில் சேமித்த சர்க்கரையை அது ரத்தத்தில் இறக்கிவிடும். ஆனால் மாவுச்சத்து குறைவாகச் சாப்பிடுபவரின் கல்லீரலில் சேமிப்பும் குறைவாக இருக்கும் என்பதால், அந்த ஊசி எதிர்பார்த்த அளவுக்கு ஏற்றாமல் போகலாம். பலன் தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.