பெயர் கெட்ட ஒரு சீட்டுக்கட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சீட்டுக்கட்டைப் பார்த்து அஞ்சுவதை நகைப்புக்குரியது என்று நான் நினைக்கவில்லை. மகாபாரதப் புத்தகம் வீட்டில் இருந்தால் பங்காளிச் சண்டை வரும் என்று சொல்லி அதை வாங்கத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. நடராசர் சிலையை வீட்டுக் கூடத்தில் வைக்கலாகாது என்பவர்களையும், திருநள்ளாற்று நள தீர்த்தத்தில் முழுகி எழுந்தபின் உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வருபவர்களையும் நாம் அறிவோம். ஒரு பொருளோடு சேர்ந்து வேறு ஏதோவொன்றும் வீட்டுக்குள் நுழைந்துவிடும் என்ற உணர்வு நமக்குப் பழகியதுதான். ஆகவே, குறி பார்க்கப் பயன்படும் ‘தோத் டாரட்’ என்னும் சீட்டுக்கட்டைக் கையில் எடுக்கத் தயங்குபவரிடம், அதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பிவிடுவதால் பயன் இல்லை. அந்த அச்சம் எந்தெந்த இடங்களிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான், அதில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பது தெரியவரும்.

நான் ஆரூடம் சொல்பவள் அல்லள், ஓவியம் கற்பிப்பவள். டாரட்டின் மீது எனக்குள்ள ஈடுபாடு அதன் படங்களோடு நின்றுவிடுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றில் 22 பெருஞ்சீட்டுகள். எஞ்சிய 56 சீட்டுகளும், நாம் ரம்மி ஆடும் கட்டைப் போலவே, கோல், கிண்ணம், வாள், நாணயம் என்று நான்கு இனங்களாகப் பிரிந்தவை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களின் மாளிகைகளில் பொழுதுபோக்கு ஆட்டமாகத் தோன்றியது இது. பிரான்சில் இன்றும் இதைக் கொண்டு சீட்டாடுகிறார்கள். எகிப்தியப் பூசாரிகளின் மறைநூல் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்று 1781இல் கூர் த ஜெபலன் என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதிய பிறகுதான் இதன் மீது மர்மம் ஏறியது. அவர் அப்படி எழுதிய காலத்தில் எகிப்தியரின் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஐரோப்பாவில் ஒருவர்கூட இல்லை. எகிப்தியரின் எழுத்துக் கடவுளான தோத் இந்தக் கட்டின் பெயரில் இடம்பிடித்ததும் அந்தக் கற்பனையின் தொடர்ச்சியே.

தோத் கட்டைக் கண்டு அஞ்சுபவர்கள், அதன் படங்கள் கொடூரமானவை என்று முதலில் சொல்வார்கள். அது சரியா என்று பார்ப்போம். உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் இலண்டனில் வெளியான கட்டு. தொடங்குபவர்களுக்கு ஏற்ற சாதுவான கட்டு என்று அதைப் பரிந்துரைப்பார்கள். அதில் வாள் இனத்தின் பத்தாம் சீட்டை எடுத்துப் பாருங்கள்: ஒரு மனிதன் குப்புறக் கிடக்கிறான், அவன் முதுகில் பத்து வாள்கள் செருகி நிற்கின்றன. சாத்தான் சீட்டிலோ ஆணும் பெண்ணும் கழுத்தில் சங்கிலியோடு கட்டுண்டிருக்கிறார்கள். தோத் கட்டில் அதே பத்தாம் வாள் சீட்டில் மனிதரே இல்லை. வாள்களும் உடைந்த கோடுகளும் மட்டுமே உள்ளன. இரண்டு முதல் பத்து வரையிலான எண் சீட்டுகள் எவற்றிலும் முழு மனித உருவம் கிடையாது. மரணச் சீட்டில் ஓர் எலும்புக்கூடு அரிவாளோடு ஆடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது அறுத்துச் செல்லும் இழைகளுக்குள்ளேயே புதிய உருவங்கள் குமிழிகளாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. ஒன்பதாம் வாளில் வாள்களிலிருந்து இரத்தம் சொட்டுகிறது, அதன் கீழே ‘கொடுமை’ என்று பெயரும் இருக்கிறது. அதை நான் மென்மையான படம் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும், மொத்தத்தில் பிணத்தைக் காட்டும் கட்டு சாதுவானது என்றும், கோடுகளைக் காட்டும் கட்டு கொடூரமானது என்றும் பெயர் வாங்கியிருப்பதால், அச்சம் படத்திலிருந்து வரவில்லை என்பது தெளிவு. கட்டை உருவாக்கியவர் ஒருவரின் பெயரிலிருந்தே அது வருகிறது.

அந்தப் பெயர் அலைஸ்டர் குரோலி. 1875இல் இங்கிலாந்தில், மிகக் கண்டிப்பான கிறித்தவப் பிரிவு ஒன்றைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, மந்திரச் சடங்குகளில் ஈடுபட்டவர். வேதாகமத்தின் திருவெளிப்பாட்டு நூலில் 666 என்ற எண்ணோடு வரும் விலங்கின் பெயரைச் சொல்லி அவருடைய தாயே அவரைத் திட்டியதாகவும், அதையே பின்னாளில் அவர் பட்டமாகச் சூடிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். சிசிலித் தீவில் அவர் நடத்திய ஆசிரமத்தில் 1923இல் ஓர் இளைஞர் நோயுற்று இறந்தார். அதே ஆண்டில் இத்தாலிய அரசு குரோலியை நாட்டைவிட்டு வெளியேற்றியது. ‘உலகிலேயே மிகக் கொடியவன்’ என்று இலண்டன் வார இதழ் ஒன்று எழுதியது. 1934இல் அவர் தொடர்ந்த அவதூறு வழக்கிலும் தோற்றுப்போனார். அச்சத்தைப் போக்க விரும்பும் சிலர், குரோலி உண்மையில் நல்லவர், உலகம் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த வழி எனக்கு உடன்பாடானது அன்று. கட்டின் மேலுள்ள அச்சம் விலகுவதற்காக அவரை நல்லவராக்க வேண்டிய தேவை இல்லை.

என்னைப் பொறுத்தவரை அவருடைய உண்மையான இருள் 666 என்ற எண்ணில் இல்லை. அவர் தேர்ந்த மலையேறியும்கூட. 1902இல் கே2 சிகரத்தை நோக்கிச் சென்ற குழுவில் இருந்தவர், 1905இல் கஞ்சன்ஜங்காவுக்கு ஒரு குழுவை நடத்திச் சென்றார். செப்டம்பர் 1ஆம் நாள், அவரோடு முரண்பட்டு மாலை நேரத்தில் இறங்கியவர்கள் பனிச்சரிவில் சிக்கினார்கள். சுவிட்சர்லாந்து வீரர் ஒருவரும் சுமைதூக்கிகள் மூவரும் புதையுண்டு இறந்தார்கள். கீழிருந்து எழுந்த கூக்குரலைக் கேட்டும் குரோலி கூடாரத்தைவிட்டு வெளியே வரவில்லை. இத்தகைய மலை விபத்துகளில் தமக்கு இரக்கமே இல்லை என்று பின்னர் இந்தியப் பத்திரிகைக்கு எழுதவும் செய்தார். கொம்பும் வாலும் உள்ள கதைகளுக்கு அஞ்சுகிற நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இந்த மனிதர் மீது ஒருவருக்கு வெறுப்பு ஏற்படுமானால், அதை மனத்திலிருந்து அகற்றும்படி நான் சொல்ல மாட்டேன். அது அச்சத்தைச் சேர்ந்ததன்று. ஒருவரின் நடத்தையைப் பற்றிய தீர்ப்பு.

இடையில் தமிழர் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1901இல் குரோலி இலங்கையில் தங்கி யோகம் பயின்றார். அவருக்குக் கற்பித்த ஆலன் பென்னெட் என்னும் ஆங்கிலேயர், பிற்காலத்தில் பௌத்தத் துறவியானவர். அவர் அப்போது பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்து, இராமநாதனிடமே யோகம் கற்றவர். இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த அந்தச் சைவப் பெரியவரிடமிருந்து, இருகை மாறிச் சென்ற ஆசனமும் மூச்சுப் பயிற்சியும், ‘உலகிலேயே கொடியவர்’ என்று பெயரெடுத்தவருக்குள்ளும் இருந்தன. தாம் மதுரைக்கு வந்து கோயிலைக் கண்டதையும் குரோலி எழுதியிருக்கிறார். அவர் வந்துபோனதால் மதுரைக்கு ஏதும் ஆகிவிடவில்லை.

இனி, நான் அதிகமாகப் பேச விரும்பும் பெண்மணிக்கு வருகிறேன். அச்சமூட்டும் கதைகளில் அவருடைய பெயர் பெரும்பாலும் வருவதே இல்லை. தோத் கட்டின் படங்களில் ஒன்றைக்கூடக் குரோலி தீட்டவில்லை. அனைத்தையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர் ஃப்ரீடா ஹாரிஸ். 1877இல் பிறந்த அவர், லிபரல் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் பெர்சி ஹாரிஸின் மனைவி. 1938இல், தம் அறுபதாம் வயதுக்குப் பிறகு, இந்தப் பணியைத் தொடங்கினார். பழைய படங்களைச் சற்றுத் திருத்தினால் போதும், சில மாதங்களில் முடிந்துவிடும் என்பதுதான் முதல் எண்ணம். ஒவ்வொரு சீட்டையும் புதிய ஓவியமாகவே செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஹாரிஸ். அதற்காகக் குரோலியிடம் பாடம் கேட்டு, அவருக்கு வாரம் 2 பவுண்டு கொடுத்தும் வந்தார். வேலை 1943 வரை நீண்டது. இலண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஒரு முதிய பெண்மணி, மனநிறைவு ஏற்படாத சீட்டுகளை மீண்டும் மீண்டும் வரைந்துகொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இந்தக் கட்டைப் பற்றிய என் எண்ணமே இடம் மாறுகிறது.

அவர் கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது. ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டெய்னரின் வழியைப் பின்பற்றியவர்கள் கற்பித்த வீழ்ப்பு வடிவியலை அவர் பயின்றிருந்தார். வளைகோட்டை நேரடியாக வளைத்து வரையாமல், நேர்கோடுகளை நெருக்கமாகச் சாய்த்துச் சாய்த்து இழுத்து, அவற்றின் விளிம்பில் வளைவு தானாகத் தோன்றும்படி செய்வது அதன் ஒரு கூறு. தோத் சீட்டுகளை உற்றுப் பார்ப்பவர்களுக்கு, ‘படம் நகர்கிறது’, ‘உள்ளே இழுக்கிறது’ என்றெல்லாம் தோன்றுவதற்கு இதுவே காரணம். அதை ஆவியின் வேலை என்று நினைத்துக் கலங்குபவர்கள் உண்டு. அளவுகோலும் பென்சிலும் கொண்டு யாரும் தம் மேசையிலேயே அதைச் செய்து பார்க்கலாம். ஓவியங்கள் இப்போது இலண்டனில் வார்பர்க் ஆய்வு நிறுவனத்தில் உள்ளன. குரோலி 1947இல் இறந்தார். கணவரை இழந்தபின் இந்தியாவுக்கு வந்து வாழ்ந்த ஹாரிஸ், 1962இல் காஷ்மீரில், ஸ்ரீநகரில் காலமானார். கட்டு வண்ணத்தில் அச்சாகிக் கடைகளுக்கு வந்ததை இருவருமே பார்க்கவில்லை.

கிறித்தவ நேயர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். 666 என்ற எண் கட்டில் உண்டா என்று கேட்டால், உண்டு. நாணய இனத்தின் முதல் சீட்டின் நடுவில் குரோலி தம் முத்திரையாக அதை வைத்திருக்கிறார். சுற்றிலும் கிரேக்க எழுத்தில் அவருடைய பட்டப்பெயர் இருக்கிறது. அந்த எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் 666 வரும். அதற்காகவே அவர் அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டார். தற்பெருமை மிகுந்தவர் தம் கையெழுத்தைப் பெரிதாகப் போடுவதைவிட அதில் மேலான மறைபொருள் எதையும் நான் காணவில்லை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2116ஆம் பத்தியில், எல்லா வகையான குறி பார்த்தலையும் விலக்குகிறது. தோத் கட்டை மட்டுமன்று, சாதுவான கட்டையும் கைரேகையையும் சேர்த்தே விலக்குகிறது. அந்த நெறியை ஏற்றுக்கொண்டு ஒருவர் டாரட்டை வேண்டாம் என்றால், அவருடைய முடிவு மதிக்கத்தக்கது. அவரைப் பயந்தவர் என்று கேலி செய்வது பண்பாகாது.

சீட்டில் வந்தது நடந்தே தீரும் என்று அஞ்சுபவர்களுக்கு, நம் புதுச்சேரிக்குப் பக்கத்து ஊரிலேயே சான்று இருக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது கடலூர்த் தொகுதி வேட்பாளர் ஒருவருக்குக் கிளி எடுத்துக் கொடுத்த சீட்டு வெற்றியைச் சொன்னது. வேட்பாளர் தோற்றார். கூண்டில் கிளி வளர்த்தமைக்காக வனத்துறையினர் பிடித்துச் சென்றதோ ஜோசியரை.

என்னிடம் பயிலும் பெண் ஒருவர், வண்ணங்களில் மயங்கி இந்தக் கட்டை வாங்கிவிட்டு, தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, பூசை அறை இருக்கும் வீட்டில் இதை வைக்கலாமா என்று குழம்பிப்போனார். சீட்டை எடுத்துப் பலன் பார்ப்பதை இப்போதைக்கு விட்டுவிடும்படி சொன்னேன். அச்சத்தோடு குலுக்கி எடுக்கும்போது எந்தச் சீட்டு வந்தாலும் கெட்டதாகவே தெரியும். பகல் வெளிச்சத்தில், அத்தனை சீட்டுகளையும் முகம் மேலே தெரியும்படி பாயில் பரப்பி வைத்து, முதலில் எண் சீட்டுகளைப் பார்த்து, பிடித்த ஒன்றைப் படியெடுக்கச் சொன்னேன். அவர் ‘அமைதி’ எனப் பெயரிட்ட இரண்டாம் வாள் சீட்டைத் தேர்ந்தார்: குறுக்காக நிற்கும் இரு வாள்கள், நடுவில் ஒரு நீல மலர், சுற்றிலும் இறகு போல் சுழலும் கோடுகள். அந்தக் கோடுகளைத் தம் கையால் இழுத்துப் பார்த்தவருக்கு, அதன் பிறகு கட்டு ஓர் ஓவியரின் உழைப்பாகத் தெரிந்தது. குரோலியின் விளக்க நூலை அவர் படிக்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன். 1944இல் 200 படிகளே அச்சான அந்த நூலில் கற்றதும் பிதற்றலும் கலந்து கிடக்கின்றன, பொறுமை உள்ளவர்கள் பின்னால் படித்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வாளை இன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பரிகாரம் செய்யச் சொல்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டை உப்பில் புதைத்து வை, பௌர்ணமி நிலவில் காட்டு, கறுப்புத் துணியில் சுற்று என்று டாரட் வட்டாரத்தில் சொல்வார்கள்; நம் வீடுகளில் எலுமிச்சம்பழமும் சாம்பிராணியும். சாம்பிராணிப் புகையால் மனம் அமைதியடையுமானால் காட்டலாம், சீட்டுக்கு ஒன்றும் ஆகாது. உப்பு மட்டும் வேண்டாம்: புதுச்சேரியின் கடற்காற்றில் உப்பு நீர்த்துப்போய், அட்டை ஊறி, கட்டு வீணாகிவிடும். தோஷம் கழிக்கிறேன் என்று பணம் கேட்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால், எரிக்கவோ கடலில் எறியவோ வேண்டாம். ஓவியம் பயிலும் யாரிடமேனும் கொடுத்துவிடலாம். கொடுப்பதற்கு முன் எண்ணிப் பார்த்து, 78க்குப் பதிலாக 80 வந்தாலும் திடுக்கிட வேண்டாம். மந்திரவாதிச் சீட்டுக்கு ஹாரிஸ் வரைந்த வேறு இரண்டு படங்களையும் சுவிட்சர்லாந்தில் அச்சான சில பதிப்புகளில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கட்டுகளில் மந்திரவாதிகள் மூவர் இருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.