துறுதுறுப்பும் காரீயமும்

நேயர்களுக்கு வணக்கம். "ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், சொல்வது காதிலேயே ஏறுவதில்லை" என்று பெற்றோர் வந்து சொன்னால், குழந்தை மருத்துவர்கள் நாங்கள் தூக்கம், படிப்பு, செல்போன் என்று எல்லாம் விசாரிப்போம். பிள்ளையின் ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

1979-ல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களை அவர் சேகரித்தார். ஏன் பல்? ரத்தத்தில் காரீயம் சில வாரங்களில் குறையத் தொடங்கிவிடும்; பல்லிலும் எலும்பிலும் ஏறியது தங்கிவிடும். அப்புறம் ஆசிரியர்களிடம் கேட்டார்கள்: இந்தப் பிள்ளைக்குக் கவனம் சிதறுகிறதா? யோசிக்காமல் எதையாவது செய்கிறதா? எடுத்த வேலையை முடிக்கிறதா? பல்லில் காரீயம் கூடக் கூட, அப்படிக் குறை சொல்லப்பட்ட பிள்ளைகளின் விகிதமும் படிப்படியாகக் கூடியது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளிடம் காரீய நஞ்சின் அறிகுறி எதுவும் வெளியே தெரியவில்லை.

உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து உள்ளே விடுகிறது. மூளையில் கவனத்தையும் சுயக்கட்டுப்பாட்டையும் பார்த்துக்கொள்ளும் முன்பகுதி வளர்கிற வயதில், நரம்புகள் பேசிக்கொள்வதையே அது குலைக்கிறது. பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகள் 4, 5 மடங்கு கூடுதலாக அதை உறிஞ்சுகிறார்கள். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம்.

அதற்காக ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அதீத துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு, எல்லாமே காரீயத்தால் வருவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பரம்பரையின் பங்குதான் பெரிது. காரீயம் பல காரணங்களில் ஒன்று. ஆனால் நம்மால் தடுக்கக்கூடிய ஒன்று.

எங்கிருந்து வருகிறது? பழைய வீட்டு ஜன்னலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். திறந்து மூடும்போதெல்லாம் சட்டமும் கதவும் உரசி, காரீயம் கலந்த பழைய பெயின்ட் மாவாக உதிர்கிறது. ஜன்னல் திட்டைப் பிடித்து நின்ற குழந்தை அடுத்த நிமிடம் விரலைச் சூப்புகிறது. சரி, துடைப்பத்தால் பெருக்கிவிடலாமா? கூடாது, தூசி காற்றில் ஏறும். ஈரத்துணியால் துடையுங்கள். காரீயம் உள்ள பழைய பேட்டரிகளை உடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள், அந்த உடையோடு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள்.

அமெரிக்காவில் கவலைப்பட வேண்டிய அளவாக 1991-ல் வைத்தது, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராம். 2012-ல் அது 5 ஆனது, 2021-ல் 3.5. பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஏறிய காரீயத்தை ரத்தத்திலிருந்து இறக்க மருந்து உண்டு. மிக அதிகமாக ஏறியவர்களுக்கு அது அவசியம். ஆனால் நடுத்தர அளவில் ஏறிய பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் ரத்த அளவு இறங்கியதே தவிர, அறிவுத்திறனோ நடத்தையோ மேம்படவில்லை. அதனால்தான் ஏறுவதற்கு முன்பே தடுக்கச் சொல்லி மன்றாடுகிறேன்.

சோதனைக்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். விரலில் குத்தி எடுத்ததில் அளவு கூடுதலாக வந்தால், நரம்பில் ரத்தம் எடுத்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். விரலில் ஒட்டியிருந்த தூசியும் கணக்கைக் கூட்டிக் காட்டும்.