மூணு பந்து கருவியை ஊதக் கூடாது, உறிஞ்சணும்

வணக்கம். இன்னைக்கு முதல் கேள்வி. ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க: "அப்பாவுக்கு 66 வயசு. ரொம்ப வருஷம் முன்னாடி டிபி வந்து குணமாச்சு. இப்ப பிராங்கியெக்டேசிஸ்னு சொல்றாங்க. காலைல எந்திரிச்சாலே நெஞ்செல்லாம் சளி. மூணு பந்து கருவி வாங்கி ரெண்டு மாசமா ஊதறார். பந்தும் ஏறல, சளியும் வரல. வேற கருவி வாங்கணுமா?"

சகோதரி, உங்க கேள்வியிலேயே பதில் இருக்கு. 'ஊதறார்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் தப்பு. அந்தக் கருவியை ஊதக் கூடாது. குழாயை வாயில வச்சு, ஜூஸ் உறிஞ்சற மாதிரி மூச்சை உள்ள இழுக்கணும். அதுல 600, 900, 1200னு எழுதியிருக்கும். ஒரு செகண்டுக்கு எத்தனை மில்லி காத்து உள்ள போகுதுங்கற கணக்கு அது. ஆபரேஷன் ஆனவங்க, ரொம்ப நாள் படுக்கையில இருந்தவங்களுக்கு நுரையீரல் நல்லா விரியறதுக்காகக் கொடுக்கறது. சளியை வெளிய கொண்டுவர்ற வேலை அதுக்கு இல்ல. அப்பா மேல குத்தமே இல்லைங்க. வாங்கும்போது யாராவது ஒரு நிமிஷம் சொல்லிக் கொடுத்திருக்கணும். இதே தப்பைப் பண்ணிட்டு வர்றவங்களை நான் அடிக்கடி பாக்கறேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

அப்பாவோட பிரச்சினை வேற. மூச்சுக்குழாய் அகண்டு தொய்ஞ்சு போச்சு, அதைத்தான் பிராங்கியெக்டேசிஸ்னு சொல்றாங்க. சளியை மேல தள்ளிவிடற நுண்ணிய மயிரிழைகளும் கெட்டுப்போச்சு. அதனால சளி அங்கங்க தேங்கி நிக்குது. இதுக்கு மூச்சை வெளிய விடும்போது வேலை செய்யற கருவி வேணும். ஃப்ளட்டர், அகாபெல்லா மாதிரி. (கையில எடுத்துக் காட்டுகிறார்) இதோ இது ஃப்ளட்டர். உள்ள ஒரு ஸ்டீல் குண்டு இருக்கு. ஊதினா குண்டு எகிறி எகிறி விழும். காத்து தடைபட்டுத் தடைபட்டுப் போறதால குழாய் மூடிக்காம திறந்தே நிக்கும், அதிர்வுல சளி சுவரை விட்டுக் கழண்டு வரும். ஊதும்போது நெஞ்சுல கை வச்சுப் பாருங்க, ஃபோன் வைப்ரேட் ஆகற மாதிரி தெரியணும். கன்னம் மட்டும் உப்பி ஆடுதுன்னா அதிர்வு வாயோட நின்னுடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு விரலால கன்னத்தை அழுத்திப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.

நிமிர்ந்து உக்காந்து, கொஞ்சம் ஆழமா மூச்சு இழுத்து, மூணு செகண்ட் நிறுத்தி, நிதானமா ஊதணும். இப்படிப் பத்து தடவை. அப்புறம் 'ஹஃப்'. கண்ணாடியைத் துடைக்க வாயைத் திறந்து ஆவி விடுவோமே, 'ஹா...'ன்னு, அதையே கொஞ்சம் வேகமா. ரெண்டு மூணு தடவை பண்ணினா சளி தொண்டைக்கு வந்துடும், அப்ப இருமித் துப்பிடலாம். எடுத்ததும் நெஞ்சு வலிக்க இருமினா தொய்ஞ்ச குழாய் மூடிக்கும், சளி உள்ளயே மாட்டிக்கும். இந்த ஹஃப் இல்லாம எவ்வளவு விலை கொடுத்து வாங்கின கருவியும் பாதி வேலைதான் செய்யும்.

சாப்பிட்ட உடனே வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கற இன்ஹேலரோ நெபுலைசரோ இருந்தா முதல்ல அது, அப்புறம் கருவி. ஸ்டீராய்டு இன்ஹேலர் இருந்தா சளி துப்பினதுக்கு அப்புறம். தினமும் சோப்புத் தண்ணில கழுவி நல்லா காயவைங்க, ஈரத்துல கிருமி வளரும்.

காசு இல்லைன்னா கவலைப்படாதீங்க. ஒரு லிட்டர் பாட்டில்ல 10 சென்டிமீட்டர் உயரம் தண்ணி, விரல் மொத்தத்துக்கு ஒரு டியூப், பாட்டிலோட வாய் திறந்தே இருக்கணும். டியூப்ல ஊதினா தண்ணி கொப்பளிக்கும், அதுவும் இதே தத்துவம்தான். தண்ணியை உறிஞ்சிடக் கூடாது, தினமும் மாத்தணும். எந்தக் கருவியா இருந்தாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு, பிசியோதெரபிஸ்ட் முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டிட்டு ஆரம்பிங்க.

சளியில ரத்தம் வந்தாலோ, திடீர்னு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ கருவியை வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. சாயங்கால ஜுரம், எடை குறையறதுன்னு இருந்தா, 'டிபிதான் அப்பவே குணமாச்சே'ன்னு இருந்துடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல சளிப் பரிசோதனை இலவசம், காலைல வர்ற முதல் சளியைக் கொண்டுபோய்க் கொடுங்க.