மடியில் வைத்த கால்

வானொலி நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

பெரிய வியாழன் ஆராதனையில் எங்கள் ஆயர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். ஒரு வருடம் அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் இருந்தேன். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, அப்புறம்தான் ஆலயத்துக்குக் கிளம்பினேன். என் அழுக்குக் காலை ஆயர் தொடக் கூடாதே என்ற கூச்சம்.

சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, சீஷரான பேதுருவுக்கும் இதே கூச்சம்தான். நீர் என் காலைக் கழுவக் கூடாது என்று தடுத்தார். எருசலேமின் மேல்வீட்டறைக்கு வந்தவை செருப்பணிந்து புழுதியில் நடந்த கால்கள். நம் கிராமத்து வீடுகளிலும் வாசலில் செம்பில் தண்ணீர் வைப்பார்கள். ஆனால் வந்தவர் தாமே கழுவிக்கொள்வார். அடுத்தவர் காலைக் கழுவுவது அந்தக் காலத்தில் அடிமையின் வேலை. நம்மில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் செய்த அதே இரவில், இயேசு பந்தியை விட்டு எழுந்து, அரையில் சீலையைக் கட்டிக்கொண்டு குனிந்தார். அன்றிரவே காட்டிக்கொடுக்கப்போகும் யூதாசும் அந்தப் பந்தியில்தான் இருந்தான். அவன் காலையும் கழுவினார். எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

இதை யோசிக்கும்போது எனக்கு டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வருவார். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது சி.எம்.சி.க்கு வந்தார். 'ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவும்' என்ற மாற்கு 10:45 வசனம்தான் அந்தக் கல்லூரியின் குறிக்கோள்.

செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அவர் ஒருமுறை போயிருந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். தொழுநோயாளியைத் தொடவே ஜனங்கள் பயந்த காலம் அது. அந்தப் பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. அப்படியானால் இந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன! தசைநாண்களை இடம் மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அவரது அறுவை சிகிச்சைகளுக்கு அந்தக் கைகுலுக்கல்தான் தொடக்கம்.

கைக்குப் பிறகு கால். பாதத்தில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால்தான் என்று அவர் கண்டார். முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு ஆணி கிழித்தாலும் தெரியாது. மனிதர் அதே காலில் நடந்துகொண்டே இருப்பார். சரி, நல்ல செருப்பு வேண்டும். லண்டனில் படித்த சர்ஜன், செருப்பின் அடிக்கு எந்த ரப்பர் மெத்தென்று இருக்கும் என்று ஆராய்ந்தார். எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளும் போடுகிறார்களே, அந்த வகை ரப்பரைத் தொழுநோயாளிகளின் காலுக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சபைகளில் கமிட்டித் தேர்தல் வந்தால் நாற்காலிக்காக நாம் நீதிமன்றம் வரை போகிறோம். எனக்கு அது உண்மையாகவே வலிக்கிறது. தாழ்மை என்றால் மெதுவாகப் பேசுவதும் கடைசி வரிசையில் உட்காருவதும் என்று நினைத்துவிட்டோம். அடுத்தவருடைய காலில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் குனிகிறவரையே இயேசு தலைவர் என்றார். முதலில் நம் ஆயர்களும் மூப்பர்களும் குனியட்டும். நானும் குனிய வேண்டும்.

தொழுநோய் மருத்துவமனைகளில் பாதப் பராமரிப்பு என்று ஒரு வேலை உண்டு. முதலில் நோயாளியின் காலைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். ஊழியர் ஒருவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். காய்த்துப்போன தோலைப் பக்குவமாகச் சுரண்டி எடுத்து, வெடிப்பில் எண்ணெய் தடவுவார். அப்புறம் பாதத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, புதிதாக ஏதாவது காயம் இருக்கிறதா என்று விரல் இடுக்கு விடாமல் பார்ப்பார்.

நன்றி, வணக்கம்.